மெட்டையும் பதிவு செய்ய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஹங்கேரிய நாட்டுப்புற இசையிலிருந்து பிறந்த சிம்பொனி இசை குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரை பிராம்ஸ், லிஸ்ட் ஆகிய இசையமைப்பாளர்களோடு நின்றுவிட்டது பெருங்குறை. அவர்கள் பெரும்பாலும் எடுத்தாண்டது நகரங்களில் ரோமா இன இசைக்குழுவினர் வாசித்து வந்த இசையையே. உழவர்கள் பாடிய பழைய மெட்டுகளை 1905-06 முதல் ஊர் ஊராகச் சென்று திரட்டியவர்கள் ஹங்கேரிய இசையமைப்பாளர்களான சோல்த்தான் கோடாயும் பேலா பார்த்தோக்கும் ஆவர். சில நிமிடங்களே அடங்கும் மெழுகு உருளைகளில் பாட்டைப் பதிந்து, அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு குழைவையும் அசைவையும் அவர்கள் சுரப்படுத்தினார்கள், அதாவது சுரக்குறிப்பாக எழுதினார்கள்.

அந்த உழைப்பின் பயனைக் கோடாய் 1939-இல் ஆம்ஸ்டர்டாம் கன்செர்ட்கெபாவ் இசைக்குழுவுக்காக எழுதிய ‘மயில் பாட்டு மாறுபாடுகள்’ என்ற, ஒரே மெட்டைப் பலவாறு மாற்றி விரிக்கும் படைப்பில் தெளிவாகக் கேட்கலாம். அதன் மூல மெட்டு ஐந்தே சுரங்களில், ஏறத்தாழ நம் சுத்த தன்யாசி ராகத்தின் சுரங்களில் அமைந்தது. முதலிரண்டு அடிகள் மேலே ஒலிக்க, அடுத்த இரண்டு அடிகளில் அதே நடை ஒரு பஞ்சமம் (ச-விலிருந்து ப வரையுள்ள இடைவெளி) கீழிறங்கி வருகிறது. இந்தச் சின்னஞ்சிறு மெட்டிலிருந்து பதினாறு மாறுபாடுகளும் ஒரு நிறைவுப் பகுதியும் விரிகின்றன. 1961-இல், தம் 78-ஆம் வயதில், அவருடைய சிம்பொனி அரங்கேறியபோதும் அதன் இரண்டாம் பகுதி மக்கள் பாட்டின் சாயலிலேயே நடந்தது.

நம் குமரி மாவட்டத்தை எண்ணியே இதை எழுதுகிறேன். கரையிலிருந்து கரமடி வலையை இழுக்கும்போது மீனவர் பாடும் அம்பாப் பாட்டில் முன்பாட்டுக்காரர் ஒரு அடியை எடுத்துவிட, மற்றவர்கள் பதில் குரல் கொடுக்கும் இடத்தில்தான் கயிற்றில் முழுவிசையும் விழும். கொடை விழா வில்லுப்பாட்டிலோ தலைமைப் பாடகரான புலவர் ஒரு வரியை நீட்டி முடிப்பதற்குள் இடப்பக்கத் துணைப் பாடகர்கள் அதை வாங்கிக்கொள்வார்கள். வீசுகோலும் உடுக்கையும் குடமும் நடையை விரைவுபடுத்தும். என் பார்வைக்கு வந்த நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகளில் பெரும்பாலானவை இவற்றின் சொற்களை மட்டுமே அச்சிட்டுள்ளன. மெட்டில்லாத அம்பாப் பாட்டில் எஞ்சுவது ‘ஏலேலோ’ மட்டும்தான். கொடை நாட்களில் கைப்பேசியில் எடுக்கும் பதிவுகளோ ஒலிபெருக்கி இரைச்சலில் மூழ்கிவிடுகின்றன. படகுகளுக்கு எஞ்சின் வந்தபின் துடுப்புப் பாட்டு அறிந்தவர்கள் முதியவர்களாகவே இருக்கிறார்கள்.

சிம்பொனி எழுதுவோர் நம்மிடையே எப்போது வருவார்களோ, அது வேறு பேச்சு. மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த்துறையினரும் இசை ஆசிரியர்களும் சேர்ந்து, குளச்சல், முட்டம் முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து தொடங்கி, பாடுபவரின் பெயர், வயது, ஊர், பாடும் சந்தர்ப்பம் ஆகியவற்றோடு பாட்டை ஒலிப்பதிந்து சுரப்படுத்தி, ஒரு படியை மாவட்ட மைய நூலகத்தில் பொதுமக்கள் கேட்கும்படி வைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இசை ஆர்வலர் ஒருவர்,
தக்கலை.