பனிக்குழிக்குள் இறங்கி எனக்குப் பதில் சொன்னவருக்கு: ஒரு தந்தையின் நன்றி மடல்

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். தோளில் போட்ட கட்டும், இரவில் திடுக்கிட்டு விழிப்பதும் இன்னும் சில காலம் இருக்கும் என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மற்றபடி நலமாக இருக்கிறாள். அந்தச் சனிக்கிழமை டாவோஸ் பக்கத்து மலையில் நண்பர்களோடு சென்ற அவள் பனிச்சரிவில் புதைந்ததை உங்களில் பெரும்பாலோர் அறிவீர்கள் என்பதால் அதை மறுபடியும் இங்கே விவரிக்கவில்லை. ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து நன்றி சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே குரல் அடைத்துக்கொள்கிறது. எனவே எழுத்தில் சொல்கிறேன்.

முதல் நன்றி அவளோடு சென்ற நண்பர்களுக்கு. சுவிஸ் விபத்துத் தரவுகளை ஆராய்ந்து 2024 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பனிச்சரிவில் முழுமையாகப் புதைந்து முதல் 10 நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள். 30 நிமிடங்களில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. எவ்வளவு விரைவாகப் புறப்பட்டாலும், எந்த உலங்குவானூர்தியாலும் அந்த முதல் சில நிமிடங்களுக்குள் மலைச்சரிவுக்கு வந்து சேர்வது மிகவும் கடினம். அவள் மார்போடு கட்டியிருந்த சிறு கருவியின் சமிக்ஞையைப் பிடித்து, துழாவுகோலால் இடத்தை உறுதிசெய்து, கை ஓயாமல் தோண்டி அவளை எடுத்தவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். எதிர்ச்சரிவில் ஏறிக்கொண்டிருந்து, சத்தம் கேட்டதும் தங்கள் பயணத்தை விட்டுவிட்டு ஓடி வந்து தோண்டக் கைகொடுத்த, பெயர்கூடத் தெரியாத அந்தக் குழுவினருக்கும், றேகா வான்மீட்புப் பணியாளர்களுக்கும், மலைமீட்புத் தொண்டர்களுக்கும், கூர் நகர மருத்துவமனையில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாள்களில் முறைவைத்து உணவு கொண்டுவந்த ஊர்ச்சங்கத்தாருக்கும், கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்வித்த அம்மாமாருக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடன்பட்டிருக்கிறது.

இந்த மடலின் பெரும்பகுதி இன்னொருவருக்கு உரியது. அவர் என் மகளைப் பார்த்ததே இல்லை. பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன்.

மகள் மருத்துவமனையில் இருந்தபோது, அவளுடைய காரையும் உடைமைகளையும் எடுத்துவர நான் தனியே அந்தப் பள்ளத்தாக்குக் கிராமத்துக்குச் சென்றிருந்தேன். இருள் விலகும் வேளையில் வாகனத் தரிப்பிடத்துக்கு நடந்தபோது, வீடுகளுக்குப் பின்னால் வேலியிட்ட ஒரு சிறு சமவெளியில், எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் குனிந்து பனியை அளந்துகொண்டிருந்தார். நிலத்தில் நட்டிருந்த அளவுகோலில் மொத்த ஆழத்தைப் பார்த்தார்; ஒரு வெள்ளைப் பலகையின்மேல் இரவில் விழுந்திருந்த புதுப்பனியைத் தனியே அளந்தார்; பலகையைத் துடைத்து, பனியின் மட்டத்துக்குச் சரியாக மறுபடியும் வைத்தார்; எண்களைக் கைபேசியில் பதிந்தார். நான் வேலியருகே நின்றுவிட்டேன். யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். அந்தப் பெண்ணின் தந்தை என்றேன்.

அவர் ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பிறகு, உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்குள் இருந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். அன்றைக்குப் பனி பெய்யவில்லை. வானம் தெளிந்து, நல்ல வெயிலாக இருந்தது. இந்தப் பருவத்தில் பனியே குறைவு என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பிறகு எப்படி ஒரு மலைச்சரிவு முழுவதும் பெயர்ந்து வரும்?

மாட்டுத் தொழுவத்தில் அவருக்கு வேலை காத்திருந்தது. இருந்தும் உள்ளே போய், பனி அள்ளும் மண்வாரியும் மடக்குவாளும் ஒரு தூரிகையும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் எடுத்து வந்தார். என் நகரத்துக் கையுறையைப் பார்த்துவிட்டு, தன்னுடைய கம்பளிக் கையுறையைக் கழற்றித் தந்தார். அந்தப் பள்ளத்தாக்கின் வட்டார ஜெர்மன் எனக்குப் புரியாது என்று உணர்ந்து, எழுத்து ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினார். அளவுக்குரிய இடத்தைக் குலைக்காமல், நிழல் விழும் மூலையில், புல் தெரியும்வரை தோண்டினார். இடுப்புக்குச் சற்று மேல் வரும் ஆழம். குழியின் ஒரு சுவரை நேராகச் செதுக்கித் தூரிகையால் மெல்ல வருடினார். அதுவரை ஒரே வெண்மையாகத் தெரிந்த சுவரில் வரிவரியாகப் பனி அடுக்குகள் எழுந்து நின்றன.

கையுறையைக் கழற்றி நீங்களே தொட்டுப் பாருங்கள் என்றார். மேற்பகுதியில் நான்கு விரல்களும் சேர்ந்தே நுழைந்தன. அதன் கீழே, காற்று அடித்து இறுக்கிய பகுதியில், ஒற்றை விரல்தான் போனது, அதுவும் அழுத்தினால்தான். அதற்கும் கீழே, தரையை ஒட்டிய இடத்தில், மூடிய கை முழுவதும் எந்தத் தடையுமில்லாமல் உள்ளே போய்விட்டது. முட்டி, நான்கு விரல், ஒரு விரல், பென்சில், கத்தி என்ற இந்த வரிசையில்தான் பனியைப் படிப்பவர்கள் அதன் கடினத்தைக் குறிக்கிறார்களாம். அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். உருட்டிப் பிடிக்கப் பார்த்தேன், பிடிபடவில்லை. சீனியைப் போல விரலிடுக்கு வழியே கொட்டியது. கண்ணாடியில் பார்த்தபோது ஒவ்வொரு மணியும் சில மில்லிமீற்றர் பெரிதாக, வரிகள் ஓடிய சிறு கிண்ணங்களின் வடிவில் மின்னியது. ஒன்றையொன்று பற்றிக்கொள்ள அவற்றுக்கு எந்தப் பிணைப்பும் இல்லை.

காரணம் இதுதான். பருவத்தின் தொடக்கத்தில் கொஞ்சமாகப் பெய்த பனி, பிறகு பல வாரங்கள் வேறு பனி விழாமல் அப்படியே கிடந்தது. பனிக்கு அடியில் நிலம் ஏறத்தாழப் பூச்சியப் பாகை செல்சியஸில் இருக்கும். தெளிந்த இரவுகளில் பனியின் மேற்பரப்போ மிகக் கடுமையாகக் குளிர்ந்துவிடும். பனி ஆழமாக இருந்தால் அந்த வெப்ப வேறுபாடு நீண்ட தூரத்தில் பரவி வலுவிழக்கும். மெல்லியதாக இருந்தால் சில சாண் ஆழத்துக்குள் முழு வேறுபாடும் அடைபடும். அப்போது நீராவி கீழிருந்து மேலாக நகர்ந்து, பனியின் நுண்மணிகளைக் கரைத்து, பிணைப்பில்லாத பெரிய மணிகளாக மறுபடி கட்டும். அதன்மேல் பின்னர் வந்த புயலும் காற்றும் பலகை போலக் கெட்டியான ஒரு பனி அடுக்கைப் படியவைத்தன. பனி குறைந்த ஆண்டு ஆபத்துக் குறைந்த ஆண்டு என்று நாம் எண்ணுவது இயல்பு. கடலோரக் காற்றின் ஈரம் எளிதில் எட்டாத டாவோஸ், எங்கடீன் போன்ற உள்மலைப் பகுதிகளில் பல ஆண்டுகளில் நிலைமை நேர்மாறாக இருக்கிறது என்றார். புதுப்பனியின் ஆபத்துப் பெரும்பாலும் சில நாள்களில் தணியும். இந்தப் பழைய பனியின் ஆபத்து வாரக்கணக்கில் கீழே கிடக்கும். வெயிலுக்கும் தெளிந்த வானத்துக்கும் அது கட்டுப்படாது.

பிறகு சுவரிலிருந்து ஒரு நீள்சதுரத் தூணை வாளால் அறுத்துப் பிரித்து, அதன் ஒரு முனையில் மண்வாரியைக் கிடையாக வைத்தார். மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, ஒன்றும் ஆகவில்லை. முழங்கையிலிருந்து தட்டத் தொடங்கிய சற்று நேரத்தில், தூணின் அடியில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு கோடு ஓடியது. தோளிலிருந்து ஓங்கித் தட்ட வேண்டிய தேவையே வரவில்லை. மண்வாரியால் மேல்பகுதியை மெல்ல இழுத்தார்; ஒரே துண்டாக, வழவழப்பாக நகர்ந்து வந்தது. அங்கே சமவெளி என்பதால் கையால் இழுக்க வேண்டியிருந்தது, 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில் அந்த வேலையைச் சரிவே செய்துவிடும் என்றார். அந்தக் கெட்டியான பனிப்பலகை மெலிந்திருக்கும் ஓரிடத்தில் ஒருவருடைய எடை பட்டாலே போதும். முறிவு அங்கிருந்து ஓடிவிடும்.

மருத்துவமனை நடையிலும் வீட்டிலும் நானும் மனைவியும் மாறிமாறிக் கேட்டுக்கொண்டிருந்த "ஏன்" என்ற கேள்விக்கு அந்தக் குழியில் எனக்குப் பதில் கிடைத்தது. அன்று இரவு பனி அடுக்குகளைத் தாளில் வரைந்து, பெரியவர் சொன்ன வரிசையிலேயே மனைவிக்கு விளக்கினேன். மீண்டும் மீண்டும் கேட்டார். கடைசியில் தாளை வாங்கித் தலையணைக்கு அருகில் வைத்துக்கொண்டு, விபத்துக்குப் பிறகு முதன்முதலாக விடியும்வரை உறங்கினார். எங்கள் தலைமுறைக்குப் பனி என்பது விடியற்காலையில் வேலைக்குப் போகுமுன் வழியிலிருந்து ஒதுக்க வேண்டிய ஒன்று. இங்கே பிறந்த பிள்ளைகளோ பனிச்சறுக்குப் பலகைக்கு அடியில் தோல்பட்டை ஒட்டிக்கொண்டு, மின்தூக்கி எட்டாத உயரங்களுக்கு மகிழ்ச்சியோடு ஏறுகிறார்கள். அந்த மகிழ்ச்சியைத் தடுக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. அதைப் புரிந்துகொள்ளும் பொறுப்பு உண்டு.

அளந்த எண்கள் எங்கே போகின்றன என்று கேட்டேன். டாவோசில் உள்ள பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்துக்கு, என்றார். அவரைப் போல ஏறத்தாழ 200 அவதானிப்பாளர்கள் நாடெங்கும் இருந்து அளவுகளை அனுப்புகிறார்கள். உயரங்களில் தானியங்கி நிலையங்களும் உண்டு. அவற்றைக் கொண்டு பனிக்காலத்தில் நாள்தோறும் மாலை 5 மணிக்கு, ஐந்து நிலைகள் கொண்ட ஆபத்து அறிக்கை வெளியாகிறது. வெள்ளிக்கிழமை மாலை என் மகள் கைபேசியில் அந்த அறிக்கையை வாசித்தபோது, இந்தப் பெரியவர் அன்று காலை குனிந்து அளந்த எண்ணும் அதற்குள் இருந்தது. ஒருவரையொருவர் அறியாமலேயே அவர் அவளுக்காக உழைத்திருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

பெற்றோர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அறிக்கையில் மூன்றாம் நிலை, ஐந்தில் நடுவில் இருப்பதாலேயே நடுத்தரமான ஆபத்து என்று பொருளாகாது. சுவிற்சர்லாந்தில் பனிச்சரிவால் உயிரிழப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மூன்றாம் நிலை நாள்களில்தான் இறக்கிறார்கள். நான்காம் நிலையில் பெரும்பாலோர் வீட்டில் இருந்துவிடுவார்கள். 1951 ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் இந்நாட்டில் 98 பேர் இறந்தனர்; அவர்களில் பலர் தங்கள் ஊரிலேயே, வீட்டிலேயே புதைந்தவர்கள். அதன் பிறகு கட்டிய எஃகுத் தடுப்புகளும் அணைகளும் காக்கப்பட்ட காடுகளும் ஊர்களைப் பெருமளவு காப்பாற்றிவிட்டன. இன்று இறப்பவர்களில் பெரும்பாலோர் விளையாட்டுக்காக மலைக்குச் சென்றவர்கள்; அவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவில், தாங்களோ தங்கள் குழுவினரோ கிளப்பிவிட்ட சரிவிலேயே சிக்குகிறார்கள். அறிக்கை ஒரு வட்டாரத்துக்காகப் பேசுகிறது. ஒரு குறிப்பிட்ட சரிவின் அடியில் என்ன கிடக்கிறது என்பதை நன்கு கற்றவராலும் மேலிருந்து பார்த்து முழுதாகச் சொல்ல முடியாது. ஆகவே அந்தப் பிள்ளைகளைப் பற்றி இரண்டொருவர் பேசும் கடுஞ்சொற்களை நிறுத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

விடைபெறும்போது பெரியவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இனி மலைக்குப் போகாதே என்று மகளிடம் சொல்லாதீர்கள். அறிக்கையில் பழைய பனி என்று வரும் நாள்களில், 30 பாகைக்குக் குறைந்த சரிவாக, மேலே செங்குத்தான சரிவு எதுவும் தொங்காத வழியாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்." பணம் கொடுக்கக் கை நீட்டினேன், தள்ளிவிட்டார். ஊர்ப் பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாது என்று, தோண்டிய குழியை மறுபடியும் நிரப்பி மூடினார். அவள் வீடு வந்ததும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டு, மாடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

இதற்கு நான் செய்யக்கூடியது சிறிது. குடும்பத்தில் அனைவரும் றேகாவின் ஆதரவாளர்களாகப் பதிந்துகொண்டுவிட்டோம். ஆபத்தில் அழைக்க வேண்டிய 1414 என்ற எண் இப்போது எங்கள் எல்லோருடைய கைபேசியிலும் இருக்கிறது. அந்த அறிக்கை ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் வருகிறது. நம் பெற்றோரில் பலர் அவற்றில் எதிலும் தடையின்றி வாசிக்க மாட்டார்கள். எனவே ஐந்து நிலைகளையும், புதுப்பனி, காற்று குவித்த பனி, பழைய பனி, ஈரப்பனி, நழுவும் பனி என்ற ஐந்து வகைச் சிக்கல்களையும் எளிய தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறேன்; தெரிந்தவர்கள் சரிபார்த்த பிறகு, அடுத்த பனி விழுவதற்குள் நம் தமிழ்ப் பாடசாலையில் பெற்றோருக்காக ஒரு மாலைநேரக் கூட்டம் நடத்துவேன். அவளை மீட்ட நண்பர்கள், தேடும் கருவியைப் பயன்படுத்தும் முறையைச் செய்துகாட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மலைக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டார் அனைவரும் வர வேண்டும்.

பெரியவருக்குத் தமிழ் தெரியாது. இந்த மடலை மகள் ஜெர்மனில் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவர் கேட்ட ஒரு வரியையும் அதில் தன் கையாலேயே சேர்த்திருக்கிறாள். தோள் ஆறியதும் அவளே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்கிறாள். நானும் அவளுடைய தாயும் உடன் போகிறோம்.

நன்றியுடன்,
மகளின் தந்தை,
சூரிச்