குடல் புண்: காசநோயா, குரோன் நோயா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வளரும் பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக எடுத்த பள்ளிச் சட்டை மூன்றாவது வருஷமும் கச்சிதமாக இருந்தால், செலவு மிச்சம் என்று இருந்துவிடக் கூடாது. பிள்ளைகளுக்கு வரும் குரோன் நோயில் (குடலில் நீண்ட நாள் அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் நோய்) வயிற்றுவலி, பேதிக்கு முன்பே வளர்த்தி நின்றுபோவது உண்டு. மலத்தில் ரத்தம் தெரிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. எடை ஏறாமை, ஆறாத வாய்ப்புண், விட்டுவிட்டுக் காய்ச்சல், ஆசனவாயருகே சதைத் தொங்கல் அல்லது சீழ் இருந்தால் குடல்பூச்சி மருந்தோடு நிறுத்தாதீர்கள். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற, குடல் அழற்சியைக் காட்டும் புரதத்தின் அளவைப் பார்க்கலாம். நான்கு வயது தாண்டிய பிள்ளைக்கு அது கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் குடல் அழற்சிக்கு வாய்ப்பு குறைவு. 250-ஐத் தாண்டினால் பெரும்பாலும் கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனை) தேவைப்படும்.

நம் ஊரில் சிக்கல் அதற்குப் பிறகுதான். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் முனையில் காசநோயும் குரோனும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் புண் போடும். ஸ்கோப்பில் எடுத்த சதைத்துணுக்கு அத்தனையும் ஃபார்மலின் புட்டிக்குள் போய்விட்டால் காசநோய்க் கிருமி செத்துவிடும், கல்ச்சரில் (கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) வளராது. சிலவற்றையாவது சலைனில் போட்டு, கல்ச்சருக்கும், கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அப்போதும் பிடிபடாவிட்டால் காசநோய் மருந்து கொடுத்துப் பார்ப்பது வழக்கம்; தப்பில்லை. ஆனால் அந்த மருந்தில் குரோன் பிள்ளைக்கும் முதலில் கொஞ்சம் தேவலை போலத் தெரியும். அதை நம்பி ஆறு மாதம் ஓட்டுவதுதான் தவறு. இரண்டு மாதம் கழித்து மறுபடி ஸ்கோப் செய்து, புண் ஆறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காசநோயைக் குரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுப்பது இதைவிட ஆபத்து. கிருமி உடலெங்கும் பரவலாம்.

குரோன் என்று உறுதியானால், பல பிள்ளைகளுக்கு முதல் வைத்தியம் முழுச் சத்துள்ள ஊட்டச்சத்துப் பானம். 6 முதல் 8 வாரம் அதுவும் தண்ணீரும் மட்டுமே. ஸ்டீராய்டு போல வளர்த்தியைக் கெடுக்காமல் அழற்சியைத் தணிக்கும். இது தோற்பது பெரும்பாலும் அடுப்படியில்தான். “பாவம், அரை இட்லி” என்று பாட்டி ஊட்டத் தொடங்கி, ஒரு வாரத்தில் இரண்டு வேளைச் சாப்பாடாகிவிடும். பானம் பாதி, பலனும் பாதி. வாயால் குடிக்க முடியாத பிள்ளைக்கு மூக்குக் குழாய் வழியே கொடுக்கலாம்.

ஆசனவாயில் சீழ்வழி (சீழ் வடியும் துளை) இருந்தால் பானம் மட்டும் போதாது, நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கி அழற்சியைத் தணிக்கும் இன்ஃப்ளிக்ஸிமேப் போன்ற ஊசி வேண்டியிருக்கும். அதற்கு முன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கட்டாயம். விடுபட்ட எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா), சின்னம்மைத் தடுப்பூசிகளை ஊசி தொடங்கிய பிறகு போட முடியாது. எனவே தடுப்பூசி அட்டையை முதல் நாளே எடுத்துப் போங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் குடல்நோய் மருத்துவர், உணவியலாளர்
மதுரை