கயலுக்கு அப்பா எழுதுவது

அன்பு கயலுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். அப்பாயிக்கு முட்டிவலி அப்படியேதான். மேலக்குட்டையில் இறால் குஞ்சு விட்டு 40 நாள் ஆகிறது, வளர்ச்சி பரவாயில்லை. போன் பண்ணினால் "மீட்டிங்ல இருக்கேன்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். அந்த மீட்டிங் எப்போது முடியும் என்று நான் கேட்கப்போவதில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி லேபில் தங்காதே.

பொங்கலுக்கு வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து நீ சொன்னதையெல்லாம் தீவனக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சரியா என்று பார். புற்றுக்கட்டி வளர்கிற வேகத்துக்கு ரத்தக்குழாய் ஈடுகொடுக்காது. குழாயை விட்டு 0.1, 0.2 மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே செல்லுக்கு ஆக்சிஜன் எட்டாது. ஹிஃப் என்று ஒரு புரதம். செல் அதைச் செய்துகொண்டே இருக்கும், ஆக்சிஜன் இருக்கும்வரை சில நிமிடத்துக்குள் அழித்துக்கொண்டும் இருக்கும். எதற்கு இந்த வெட்டி வேலை என்று உன் அம்மா கேட்டாள். கரண்ட் போனபிறகு கிளப்ப நேரமிருக்காது, அதனால் ஜெனரேட்டரை எந்நேரமும் ஓடவிட்டு வைப்பது மாதிரி என்றாய். நான் எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போடப் போனேன். கவனித்தாயோ என்னவோ.

ஆக்சிஜன் குறைந்தால் அழிக்கிற வேலை நின்றுவிடும். தப்பித்த ஹிஃப் உட்கருவுக்குள் நுழைந்து, ஜோடி சேர்ந்து, டி.என்.ஏ.மேல் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான ஜீன்களை முடுக்கிவிடும். புது ரத்தக்குழாயைத் தன் பக்கம் இழுக்க ஒன்று. சர்க்கரையை அள்ளிக்கொள்ள ஒன்று. காற்றில்லாமலே அந்தச் சர்க்கரையில் பிழைத்துக்கொள்ள இன்னொன்று. நம் இறால் மூச்சு முட்டினால் மேலே வந்து தலை நீட்டும், முடியாவிட்டால் செத்து அடியில் படியும். இந்தச் செல் ஆக்சிஜன் இல்லாமலே குடித்தனம் நடத்தப் பழகிவிடுகிறது, அப்புறம் ரேடியேஷனுக்கும் லேசில் மசியாது. சில கிட்னி கேன்சரில், ஹிஃபை அழிக்க உதவுகிற வி.எச்.எல். ஜீன் கெட்டுப்போய், ஆக்சிஜன் இருந்தும் ஹிஃப் அழியாதாம். வயிறு நிறையத் தின்றுவிட்டுப் பஞ்சம் பஞ்சம் என்று கத்துகிற ஆள் நம் தெருவிலும் ஒருத்தர் இருக்கிறார், உனக்குத் தெரியும்.

இதையெல்லாம் சங்கத்தில் சொன்னேன். என் மகள் படிப்பு இது, 2019-இல் மூன்று பேருக்கு நோபல் கொடுத்த விஷயம் என்றேன். அந்த மூன்று பேரில் ராட்கிளிஃப் என்பவரின் கட்டுரையை 1992-இல் நேச்சர் இதழ் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது என்று சொன்னவள் நீதான். சொல்லிவிட்டுச் சிரித்தாய். அதை நீயே மறந்துவிட்டாயா?

தம்பி ஏதோ சொன்னான். அவனைத் திட்டாதே, நான்தான் தோண்டிக் கேட்டேன். ராத்திரியில் நைட்ரஜன் சிலிண்டர் தீர்ந்து, ஆக்சிஜனைக் குறைத்து செல் வளர்க்கிற பெட்டிக்குள் காற்று ஏறிவிட்டதாம். 1 சதவீதத்தில் நிற்கவேண்டிய ஆக்சிஜன் மேலே போய், காலையில் சோதித்தபோது, ஹிஃப் இருப்பதைக் காட்டும் பட்டை விழவேண்டிய இடம் வெறுமையாக இருந்ததாம். மறுபடி கிடைக்காத நோயாளியின் செல்லாம். எல்லார் முன்னாலும் உன் கைடு ஏதோ சொல்ல, நீ ஒரு வார்த்தை பேசாமல் "என் தப்புதான் சார்" என்றாயாம். முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கவேண்டியதுதானே. வேளைக்குச் சாப்பிட்டால் புத்தி நிற்கும். இவ்வளவு படிக்கவைத்தது இதற்கா என்று எழுத வந்தது. எழுதவில்லை.

கயல், 2012 மின்வெட்டு உனக்கு நினைவிருக்கும். பத்தாவது படித்தாய். புத்தகத்தை எடுத்துக்கொண்டு நீயாகத்தான் என்கூடப் பண்ணைக் கொட்டகைக்கு வந்தாய். கரண்ட் போனால் எழுப்பு என்று சொல்லிவிட்டு நான் படுத்தேன். விடிகாலை நாலு மணிக்கு நான் முழித்தபோது தண்ணீரில் காற்றைக் கலக்கிற ஏரேட்டர் ஓடவில்லை, நீ புத்தகத்தின்மேல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். குட்டையில் இறங்கினேன். காலில் மெத்து மெத்தென்று மிதிபட்டது. 90 நாள் இறால்.

எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டினேன். வியாபாரி வந்தபோதும் "பொண்ணு தூங்கிட்டா" என்றேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை.

நீ முழித்திருந்தாலும் ஜெனரேட்டர் ஓடியிருக்காது. டாங்கில் டீசல் இல்லை. வாங்க வைத்திருந்த பணத்தை முந்தினநாள் ஏலச்சீட்டுக்குக் கட்டிவிட்டேன். ஒரு ராத்திரிதானே, கரண்ட் இருக்கும் என்று நினைத்தேன். கரையில் நிற்கும்போதே எனக்குத் தெரியும். கேனைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வந்து உன்னைத் திட்டினேன்.

இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை. கஜாவில் கொட்டகை பறந்தபோது அந்தக் கேனும் போய்த் தொலைந்தது என்று ஒரு நிம்மதி வந்தது பார், அதுதான் எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

உன் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று சாயங்காலம் பார்க்கவேண்டியது யார் வேலை? அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டாயா? கேட்காமலே தப்பு என்னுது என்று சொன்னாயென்றால், அது நான் பழக்கிவிட்டது.

அம்மாவுக்கு டீசல் விஷயம் இன்னும் தெரியாது. அவளும் நீ தூங்கிவிட்டாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு ராத்திரி சொல்லப்போகிறேன்.

அப்பா