மணிக்கு வந்த கொக்கிப்புழு

அன்புள்ள முரளி,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததைப் படித்துச் சந்தோஷமாக வந்தவன், கடைசிப் பத்தியில் நின்றுவிட்டேன். பாம்பு இரண்டு தடவை எலியைக் கக்கிவிட்டது, நாய்க்கு வாங்கிய வயிற்றுப் பூச்சி மருந்தில் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். கொடுக்காதே. நானும் போன வருடம் அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்தவன்தான்.

என் மணியை உனக்குத் தெரியும், அந்த பால் பைத்தான் (ball python) மலைப்பாம்பு. நன்றாகத்தான் தின்றான், ஆனால் உடம்பில் ஒட்டவில்லை. 1,180 கிராம் இருந்தவன் 960-க்கு இறங்கினான். முதுகெலும்பு கூரை முகடு போல மேலே தெரிந்தது. பெட்டியில் சூடு போதவில்லை என்று நினைத்துத் தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். சூடு குறைந்தால் பாம்புக்கு இரை செரிக்காது, கக்கவும் செய்யும் என்பதால் அந்தச் சந்தேகம் தப்பில்லை. ஆனால் மலத்தைப் பார்த்ததும் வேறு விஷயம் என்று புரிந்தது. வழக்கமாகக் கெட்டியான பழுப்புக் கட்டியும் பக்கத்தில் சுண்ணாம்பு போல வெள்ளையும் இருக்கும். அன்று கூழாக, சளி கலந்து, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தோடு இருந்தது. புழு ஒன்றும் கண்ணில் படவில்லை.

ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் எடுத்துப் போனேன். மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். மெல்லிய ஓடுள்ள முட்டை, உள்ளே குட்டிப்புழு சுருண்டு புரண்டுகொண்டிருந்தது! கொக்கிப்புழு. இது பரவ இன்னொரு பிராணி தேவையில்லையாம். பெட்டியில் கிடக்கும் மலத்திலிருந்து அதே பாம்புக்குத் திரும்பத் தொற்றும். அதனால்தான் மரத்தூளை எடுத்துவிட்டு வெறும் காகிதம் விரிக்கச் சொன்னார். மலம் கண்ட உடனே காகிதத்தை மாற்றுகிறேன், தண்ணீர்ப் பாத்திரத்தைத் தினமும் தேய்த்துக் கழுவுகிறேன்.

அவர் கொடுத்தது ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்து, எடை போட்டு அளந்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு டோஸ். இதுவே அளவு மீறினால் குடலையும் எலும்பு மஜ்ஜையையும் கெடுக்குமாம். அமீபா போன்ற ஒற்றைச்செல் உயிரியாக இருந்தால் மெட்ரோனிடசோல், அதுவும் கூடிப்போனால் நரம்பைத் தாக்கும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற வேறொரு ஒட்டுண்ணி என்றால் உறுதியாகக் குணப்படுத்தும் மருந்தே இல்லை, ப்ளீச் போட்டுக் கழுவினாலும் அது சாகாது. அதற்கு அடையாளமாக வயிற்றுப் பக்கம், அதாவது உடம்பின் நடுவில், புடைப்பு இருக்கிறதா என்று தடவிப் பார். இருந்தால் அதை மருத்துவரிடம் முதலில் சொல்.

இன்னொன்று. பாம்பிருக்கும் அறையில்தான் ஆமையும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அதுதான் உறுத்துகிறது. பாம்பின் குடலைப் புண்ணாக்கிக் கொன்றுவிடும் ஓர் அமீபா உண்டு. ஆமை அதை வயிற்றில் வைத்துக்கொண்டு சொகுசாகத் திரியும். இன்றைக்கே இரண்டையும் வேறு வேறு அறையில் வை. இடுக்கி, பாத்திரம் எதையும் பொதுவாக வைக்காதே. அந்த ஆமைக்கு ஐவர்மெக்டின் பக்கமே போகாதே, செத்துவிடும்.

மலம் போட்ட அன்றே ஈரம் காயாமல் மூடி போட்ட டப்பாவில் எடு. உடனே போக முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வை, ஃபிரீசரில் வேண்டாம். முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றால் நிம்மதியாகிவிடாதே, தினமும் முட்டை வெளியே வராது. ஏதாவது இருக்கிறது என்றாலும் பதறாதே. தின்ற எலியின் குடலில் இருந்த முட்டை அப்படியே கடந்து வந்திருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

அதுவரை இரண்டு வாரத்துக்கு இரை வேண்டாம், தண்ணீர் மட்டும். கையில் எடுத்துக் கொஞ்சாதே. அப்புறம் வழக்கத்தில் பாதி அளவு எலி.

மணி இப்போது 1,150. நேற்று இரை காட்டியபோது இடுக்கியையும் சேர்த்தே கவ்வினான், பிடுங்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

உன் பாம்பு தின்று எத்தனை நாள் கழித்துக் கக்கியது என்று எழுதவே இல்லை. அதையும் இன்றைய எடையையும் உடனே எழுது.

உன்,
சேகர்