தரங்கம்பாடியில் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஐயாவுக்கு நன்றி

எங்களுடையது சின்ன தனியார் பள்ளி. வேன் வாடகை போக மிச்சமிருக்காது, அதனால் போன வாரம் பிள்ளைகளைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போனபோது வழிகாட்டி யாரையும் வைக்கவில்லை. டேனிஷ் கோட்டை 1620-இல் கட்டியது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து, "டீச்சர், நானும் கொஞ்சம் சொல்லலாமா?" என்று கேட்டார்.

அப்புறம் நாங்கள் எல்லோருமே அவருக்கு மாணவர்கள்தான். 1706-இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இங்கே கரையிறங்கியது, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது எல்லாம் பாடமாகத் தெரியும். ஆனால் ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள் என்பதை, நாலாம் வகுப்புப் பையன் ஒருவனின் உள்ளங்கையில் பேனாவால் ஒரு பெரிய 'அ', ஒரு பொடி 'அ' எழுதி அவர் காட்டிய விதம் இருக்கிறதே, அதை எந்தப் பாடப்புத்தகமும் செய்யாது. அந்தப் பையன் மறுநாள்வரை கையைக் கழுவ மாட்டேன் என்று அடம்பிடித்தானாம்!

வெயிலில் வாடிய பிள்ளைகளுக்கு நன்னாரி சர்பத்தும் வாங்கிக் கொடுத்தார். பணம் கொடுக்கப் போனால் வாங்கவில்லை, பேரும் சொல்லவில்லை.

ஐயா, மனமார்ந்த நன்றி. ஆண்டு விழாவில் பிள்ளைகள் தரங்கம்பாடிக் கண்காட்சி வைக்கிறார்கள், நீங்கள்தான் வந்து திறந்துவைக்க வேண்டும். அவரைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து இதைக் காட்டுங்கள்.