ஏரியில் சேர்ந்த மண் எங்கிருந்து வந்தது

அல்சூர், பெங்களூரு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் ஊர் ஏரியில் வண்டல் எடுக்க அனுமதி கிடைக்கிறது என்றும், அதை விட்டுவிட்டுத் தென்பெண்ணை ஆற்றின் கெலவரப்பள்ளி அணைப் பக்கத்து வண்டலை லாரியில் கொண்டுவந்து கொட்டுவதாக ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். கடைசியில் போகிறபோக்கில் இன்னொன்றும் கேட்டிருந்தாய்: பெங்களூரில் இவ்வளவு செலவு செய்து ஏரிகளைத் தூர்வாருகிறார்களே, அதோடு பிரச்சினை தீர்ந்துவிடுமா என்று. தீராது என்பதே என் பதில். இந்த இரண்டு கேள்விகளும் ஒரே மண்ணைப் பற்றியவை என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். மகள் சர்ஜாபூர் சாலைப் பக்கம் ஓர் அடுக்குமாடிக்குக் குடிபோயிருக்கிறாள். அவள் வீட்டை ஒட்டிய மனையில், நான் பார்த்த காலத்தில் கேழ்வரகு விளைந்தது. இப்போது இரண்டு அடுக்கு நிலத்தடித் தளத்துக்காக ஜேசிபி வைத்துத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மே மாதத்துக் கோடை மழை ஒன்று அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில் அந்தப் பக்கம் நடந்துபோனேன். வெள்ளையடித்த சுற்றுச்சுவரில் முழங்கால் உயரம் வரை செம்மண் தெறித்திருந்தது. தோண்டிக் குவித்த மண்மேட்டைக் குனிந்து பார்த்தால், சிறு கூழாங்கற்கள் ஒவ்வொன்றும் தன் அகலமே உள்ள குட்டி மண் தூண் ஒன்றின் மேல் நின்றுகொண்டிருந்தன. கல் மறைத்த மண் தப்பித்துக்கொண்டது. சுற்றியிருந்த மண் ஒரு விரற்கடை ஆழத்துக்குக் கரைந்து போய்விட்டது. அது ஒரே மழையின் வேலை.

மண் அரிப்பு என்றால் நாம் ஓடும் நீரைத்தான் நினைக்கிறோம். தொடங்கி வைப்பது விழும் நீர். பெரிய மழைத்துளி நொடிக்கு ஒன்பது மீட்டர் வேகம் வரை தரையில் மோதும். மூடாக்கு இல்லாத மண்ணில் அது விழுந்தால் மண்கட்டி சிதறி, நுண்ணிய துகள்கள் தரையின் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. மேலே மெல்லிய ஏடு படிந்து, தண்ணீர் உள்ளே இறங்கும் வேகம் குறைந்துவிடுகிறது. மழை பெய்யும் வேகம் மண் உறிஞ்சும் வேகத்தை மிஞ்சிய கணத்திலேயே வழிந்தோட்டம் ஆரம்பமாகும் என்பதைச் சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் ராபர்ட் ஹார்ட்டன் என்ற அமெரிக்க நீரியலாளர் விளக்கினார். கேழ்வரகுக் காட்டில் பயிரும் வரப்பும் அந்தக் கணத்தைத் தள்ளிப்போட்டன. தோண்டிய மனையில் தள்ளிப்போட எதுவும் இல்லை.

பெங்களூரின் அமைப்பை நினைத்துப் பார்த்தால் இது ஏன் உன் ஊர் விஷயமும் ஆகிறது என்பது விளங்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டு முதுகின் மேல் இந்த நகரம் உட்கார்ந்திருக்கிறது. அந்த முதுகுக்கு மேற்கே விழும் மழை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது; கிழக்கே விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தட்சிண பினாகினிக்கு, அதாவது நம் தென்பெண்ணைக்கு வருகிறது. பெரிய ஆறு எதுவும் இல்லாத மேட்டுநிலம் என்பதால்தான் முன்னோர் சரிவெங்கும் ஏரிகளைத் தொடராக வெட்டி, ஒன்றின் கோடியில் வழியும் உபரி நீர் அடுத்ததன் வரத்தாகும்படி ராஜகாலுவைகள் என்னும் பெரிய கால்வாய்களால் இணைத்தார்கள். மகள் வீட்டுப் பக்கத்து மனையில் கரைந்த மண் இந்தத் தொடரில் எங்கோ ஓரிடத்தில் தங்க வேண்டும், அல்லது மாநில எல்லையைத் தாண்டி உங்களிடம் வர வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

எது தங்கும், எது தாண்டும் என்பதைத் துகளின் அளவு தீர்மானிக்கிறது. மழையன்று அந்தச் சாலையோர வடிகாலில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வந்து ஜன்னல் திட்டில் வைத்தேன். காபி குடித்து முடிப்பதற்குள் அடியில் மணல் படிந்துவிட்டது. ஆனால் மேல்தண்ணீர் அடுத்தடுத்த நாள்களிலும் செம்மை மாறாமல் கலங்கியே நின்றது. கணக்கும் இதையே சொல்கிறது. 0.1 மில்லிமீட்டர் மணல், அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் போதும், 0.002 மில்லிமீட்டர் களித்துகளுக்கு மூன்று நாளுக்கு மேல் ஆகும். பெருமழையில் ஏரி நிறைந்து வழியும்போது அதற்கு அவ்வளவு அவகாசம் எங்கே இருக்கிறது? மணல் ஏரியில் தங்கி அதன் ஆழத்தைத் தின்கிறது, களி கோடி ஏறிப் போகிறது. பாஸ்பரஸும் கன உலோகங்களும் ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்தக் களியில்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்; உன் லாரிக்காரரிடம் அது தேவைப்படும்.

நகரம் மண்ணை என்ன செய்கிறது என்பதற்கு நான் அறிந்தவற்றுள் மிகத் தெளிவான விளக்கம் கார்டன் வுல்மன் 1967-இல் எழுதியது. அமெரிக்காவின் மேரிலாந்துப் பகுதியை வைத்து அவர் சொன்னார்: விவசாய நிலத்திலிருந்து ஆண்டுக்குச் சதுர மைலுக்குச் சில நூறு டன் மண் போகும், அதே நிலத்தைக் கட்டுமானத்துக்குத் திறந்துபோட்டால் அது பல ஆயிரமாகி, சில இடங்களில் ஒரு லட்சம் டன்னைக்கூடத் தாண்டும், கட்டி முடித்துத் தார், கான்கிரீட் போட்டபின் விவசாய காலத்து அளவைவிடவும் கீழே இறங்கிவிடும். பெங்களூரின் கிழக்குப் பக்கம் கடந்த முப்பது ஆண்டுகளாக இந்த மூன்று நிலைகளில் நடுவே உள்ள கட்டுமான நிலையில்தான் இருக்கிறது. ஒரு பேட்டை முடிந்தால் அடுத்த பேட்டை திறக்கிறது. ஏரிகள் இவ்வளவு சீக்கிரம் தூர்ந்ததற்குக் குப்பையையும் சாக்கடையையும் மட்டும் சொல்வது பாதிக் காரணம்தான்.

கட்டி முடித்தபின் வரும் மூன்றாம் நிலையைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. எனக்கு அதிகக் கவலை தருவதும் அதுதான். கூரையிலும் சாலையிலும் விழும் தண்ணீரில் மண் இல்லை. பார்வைக்குத் தெளிவாக இருக்கும், ஆனால் அளவும் வேகமும் கூடியிருக்கும். சுமையில்லாத வேகத் தண்ணீர் தன் சுமையை வழியில் தேடிக்கொள்ளும். ராஜகாலுவைகளுக்குக் கான்கிரீட் சுவரும் தளமும் போட்டுவிட்டால் நகருக்குள் அதற்கு அரிக்க எதுவும் அகப்படாது. கான்கிரீட் எங்கே முடிகிறதோ அங்கே, அடுத்த மண்கரையில் அந்தப் பசி தீரும். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டித் தள்ளக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது பழைய விதி. 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு மூழ்கியதை நீ தொலைக்காட்சியில் பார்த்தாய். அதன்பின் கால்வாயை அகலமாக்கு, நேராக்கு, தண்ணீரைச் சீக்கிரம் வெளியேற்று என்பதே எல்லோர் வாயிலும். வெளியே என்று அவர்கள் சொல்லும் இடத்தில்தானே நீ பயிர் செய்கிறாய்!

இந்தப் பின்னணியில் தூர்வாரலைப் பார். சேர்ந்ததை அள்ளுவது தேவைதான். பெல்லந்தூரைப் போல் தீப்பிடித்து எரிந்த ஏரிக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் பல ஏரிகளைச் சுற்றிலும் கரை உயர்த்தி, நடைபாதை போட்டு, சூப் கிண்ணம் போல் ஒரே ஆழத்துக்கு வெட்டிவிடுகிறார்கள். பழைய ஏரிக்கு ஒரு பக்கம்தான் கரை. எதிர்ப் பக்கம் நிலத்தோடு மெல்லச் சரிந்து, கோரையும் சம்பும் மண்டிய சதுப்பாக இருக்கும். வரும் தண்ணீர் அங்கே வேகம் தணிந்து மண்ணை இறக்கிவிட்டுத்தான் உள்ளே வரும். அந்தச் சரிவை வெட்டி எடுத்துவிட்டால், வரும் மண் நேரே நடு ஏரிக்குப் போகும், சில ஆண்டுகளில் மறுபடி டெண்டர் விட வேண்டும். ஜக்கூர் ஏரியில் சுத்திகரித்த நீரை முதலில் சதுப்பு வழியாக நடத்தி அதன்பின் ஏரிக்குள் விடுகிறார்கள். நீரின் தரத்துக்காகச் செய்தது என்றாலும், மண்ணுக்கும் அதுவே சரியான ஏற்பாடு. வரத்துக் கால்வாய் வாயிலில் ஆண்டுதோறும் அள்ளக்கூடிய சிறு வண்டல் குட்டை, தோண்டிய மனையைச் சுற்றி மண் வெளியேறாத வரப்பு, மழைக்காலத்துக்கு முன் குவியலுக்கு ஒரு மூடாக்கு: இவை பெரிய பொறியியல் அல்ல, திறப்புவிழாவும் நடத்த முடியாது. அதனால்தானோ என்னவோ நடப்பதில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. உங்கள் ஏரி கோடையில் வற்றும். வற்றிய ஏரியில் வண்டி இறங்கும். மேட்டிலிருந்து வந்த மண் மறுபடி மேட்டுக்கே போகும். இங்கே ஆண்டு முழுதும் கழிவுநீர் வந்துகொண்டிருப்பதால் பெரிய ஏரிகள் வற்றுவதே இல்லை. அள்ளினாலும் அதைச் சோதிக்காமல் வயலில் போடக் கூடாது. மண்ணின் சுற்று அங்கேயே அறுந்துவிட்டது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உன் நிலம் சரளை கலந்த செம்மண். தண்ணீரும் உரமும் நிற்காது. களி மிகுந்த வண்டல் அதற்கு மிகவும் நல்லது. ஆனால் உங்கள் ஊர் மழைநீரால் மட்டும் நிறையும் ஏரியின் வண்டலையே எடு. ஆற்று வண்டல் எவ்வளவு கறுப்பாகவும் கொழுமையாகவும் தெரிந்தாலும், அதில் எங்கள் நகரின் தொழிற்சாலைக் கழிவு ஒட்டியிருக்கக்கூடும். லாரிக்காரர் மண் பரிசோதனைத் தாளைக் காட்டினாலும் கவனமாகப் படி. வழக்கமான பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் சத்தும் கார அமில நிலையும் பார்ப்பார்களே தவிர, ஈயம், காட்மியம், குரோமியம் பார்ப்பதில்லை. அவற்றை ஆய்வகத்தில் தனியாகக் கேட்க வேண்டும். உங்கள் ஏரியிலும் மதகடியில் ஒன்று, வரத்து வாயில் ஒன்று, நடுவில் ஒன்று எனத் தனித்தனியே மாதிரி எடுத்துவை. வரத்துப் பக்கம் மணலும் கரைப் பக்கம் களியும் இருக்கும், உனக்கு வேண்டியது களி. அடித்த வண்டலை உழவுக்கு முன் சீராகப் பரப்பிவிடு, குவியலாக விட்டால் முதல் மழையே அதை மறுபடி ஏரிக்குக் கொண்டுபோய்விடும்.

அடுத்த மாதம் ஓசூர் வரை ஒரு வேலையாக வருகிறேன். மாதிரிகளை எடுத்துவைத்தால் நானே ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிறேன். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்