லாரிக்காரர்களின் வழித்துணை

ஆசிரியருக்கு,

வானொலி அறிவிப்பாளர்கள் பற்றிய கட்டுரையில் ரால்ஃப் எமரியை விட்டுவிட்டீர்களே! அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், டபிள்யூ.எஸ்.எம். நிலையத்தின் இரவு நிகழ்ச்சியை 1957 முதல் 1972 வரை நடத்தியவர். 50,000 வாட் மத்திய அலை; இரவில் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, பல மாநிலங்களை எட்டும். விடிய விடிய வண்டி ஓட்டும் லாரிக்காரர்களுக்கு அவர்தான் வழித்துணை. கன்ட்ரி எனும் அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் இசையின் பாடகர்கள் நள்ளிரவில் ஸ்டுடியோவுக்கே வந்து சாவகாசமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். இன்றைய பண்பலைக்காரர்கள் விருந்தாளியை மூச்சுவிடவாவது விடுகிறார்களா? எமரி அப்புறம் 1983இலிருந்து பத்தாண்டுகள் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்தினார். 2007இல் கன்ட்ரி இசைப் புகழரங்கில் இடம் கொடுத்தார்கள். 2022 ஜனவரியில், 88 வயதில் மறைந்தார்.

- ஒரு பழைய வானொலி நேயர்